கேள்வி – பதில்: சீமைக் கருவேலம் முதல் காக்கா ஆழி வரை

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட செடி, பூச்சி, மீன்களை என்ன செய்வது, அரசு என்ன செய்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் கண்மாயில் இரண்டு வருடம் முன்பு ஏலம் விட்டு சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். இப்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. தவறு எங்கே நடந்தது?
– கமுதி வாசகர்

ஏல நிபந்தனையில். ஏலம் எடுப்பவருக்குக் கரி மூட்டம் போடத் தேவையானது தரைக்கு மேலே இருக்கும் கட்டைதான். வேரைத் தோண்டுவது அவருக்கு வெறும் கூலிச் செலவு. 'மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கினால், அவர் தரையோடு வெட்டிக்கொண்டு போய்விடுவார். சீமைக் கருவேலத்தின் துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குக் கீழேயும் இருக்கின்றன. ஒற்றைத் தண்டை வெட்டினால் நாலைந்து தண்டு கிளம்பும். மூன்று நான்கு வருடத்தில் மறுபடி மூட்டத்துக்குத் தயார். உண்மையைச் சொன்னால் பல கண்மாய்களில் நடப்பது மர ஒழிப்பு இல்லை, விறகு மகசூல்.

வேரோடு எடுப்பது என்றால் குறைந்தது ஒரு அடி ஆழத்துக்குக் கீழே ஆணிவேரை அறுத்து, அடிக்கட்டையை மண்ணுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். ஏல ஒப்பந்தத்தில் இதை எழுதி, முன்வைப்புத் தொகையில் ஒரு பகுதியை அடுத்த மழைக்குப் பிறகு துளிர் இல்லை என்று பார்த்த பின்பே திருப்பித் தருவோம் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி பல ஒப்பந்தங்களில் இருப்பதில்லை.

ஏற்ற காலம் மாசி, பங்குனி. தண்ணீர் வற்றியிருக்கும், அடிமண்ணில் ஈரம் இருக்கும், நெற்று பழுத்திருக்காது. சித்திரை, வைகாசிக்குத் தள்ளினால் ஜே.சி.பி. மரத்தைச் சாய்க்கும்போதே பழுத்த நெற்று கண்மாய் முழுக்க உதிரும். ஒரு நெற்றில் 10 முதல் 30 விதை இருக்கும். மண்ணில் விழுந்த விதை பத்து வருடம்கூட முளைப்புத் திறனோடு கிடக்கும். ஆகவே முதல் மழைக்குப் பிறகு கன்றுகள் வந்தே தீரும். முழங்கால் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும், இரண்டு வருடம் விட்டால் மறுபடி ஜே.சி.பி.

மூன்று எச்சரிக்கை. கரையில் நிற்கும் மரத்தை இயந்திரத்தால் பிடுங்கக் கூடாது. வேர் வந்த குழி வழியாகவே அடுத்த வெள்ளத்தில் கரை உடையும். கரை மரத்தைத் தரைக்குச் சற்றுக் கீழே அறுத்துவிட்டு, ஒரு வருடம் மாதாமாதம் துளிரை ஒடித்துக்கொண்டே வாருங்கள். உள்பக்கக் குழிகளை அன்றைக்கே மூடி மட்டப்படுத்துங்கள். அடிக்கட்டையில் டீசலோ களைக்கொல்லியோ ஊற்றுவது கண்மாய்க்குள் வேண்டாம். ஆடுமாடு குடிக்கிற தண்ணீர் அது.

இன்னொரு வாசல் ஆட்டுக் கிடை. நெற்றைத் தின்ற ஆடு, மாடுகளின் வயிற்றில் விதை செரிப்பதில்லை. சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து முன்னைவிட நன்றாக முளைக்கும். சுத்தம் செய்த நிலத்தில் கிடை போடுவதற்கு முன் நாலைந்து நாள் மந்தையை நெற்று இல்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். தீவனமாகக் கொடுப்பதானால் நெற்றை விதையோடு அரைத்துக் கொடுங்கள்.

அனுமதி யாரிடம் என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தினுடையது. பட்டா நிலத்தில் உங்கள் விருப்பம்.

வெட்டும் முன் நாட்டுக் கருவேலத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை; காய் மணிமாலை கோத்ததுபோல் இடைக்கிடை இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ பூனைவால்போல் நீண்ட கதிர். நெற்று இடுக்கில்லாமல் மஞ்சளாகத் தொங்கும். 'கருவேலம் அகற்றும் பணி' என்ற உத்தரவோடு வரும் இயந்திர ஓட்டுநருக்கு இரண்டும் முள்மரம்தான். பறவைகள் கூடு கட்டும் கண்மாயானால், குஞ்சுகள் பறந்து போன பிறகே கைவைக்க வேண்டும். அப்போதும் ஒரேயடியாக மொட்டையடிக்காமல், நாட்டுக் கருவேலக் கன்று வளர வளரப் பகுதி பகுதியாக எடுப்பதுதான் முறை.

(காற்றிலுள்ள ஈரத்தை இந்த மரம் உறிஞ்சுவதால்தான் மழை வருவதில்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் இல்லை. அது உறிஞ்சுவது நிலத்தடி நீரை, வேரால். குற்றம் சாட்ட அதுவே போதும்.)

இதற்கெல்லாம் அரசிடம் திட்டம் என்று ஒன்று இருக்கிறதா? எந்தத் துறையைக் கேட்பது?
– விருத்தாசலம் வாசகர்

இருக்கிறது. ஒரே இடத்தில் இல்லை.

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் தடுப்பது மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு. 1914ஆம் ஆண்டின் பூச்சிகள் சட்டமும், அதன் கீழ் 2003ல் வந்த தாவர இறக்குமதி ஆணையும் இதற்கு அடிப்படை. விதை, நாற்று, மரக்கட்டை எது வந்தாலும் அனுமதிச் சீட்டும் ஏற்றுமதி நாட்டின் சுகாதாரச் சான்றும் வேண்டும். உள்ளே வந்துவிட்ட உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசுக்குப் புதிதாகக் கொடுத்தது. காட்டுக்குள் வனத் துறை, வயலில் வேளாண் துறை, குளத்தில் மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும். மாநில அளவில், சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளில் தொடர்ந்து கேட்டதை ஒட்டி, அயல் களைத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022 ஜூலையில் வெளியிட்டது. அதில் நல்ல அம்சம், 'மீட்பு' என்ற சொல் தலைப்பிலேயே இருப்பது. களையை எடுத்த இடத்தில் நாட்டுப் புல்லும் மரமும் வரும்வரை வேலை முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிற கொள்கை அது.

பலர் மறந்துவிட்ட சட்டம் ஒன்றும் உண்டு. 1919ஆம் ஆண்டின் சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம். ஒரு பூச்சியையோ களையையோ குறிப்பிட்ட பகுதிக்கு அரசு அறிவிக்கை செய்தால், நில உரிமையாளர் அதை அழித்தாக வேண்டும். செய்யாவிட்டால் அரசே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்காமல் விட்டதால் என் பயிர் போகிறது என்ற புகாருக்குச் சட்டத்தில் இருக்கும் பதில் இதுதான்.

எங்கள் கருத்தில் குறை சட்டத்தில் இல்லை, பண ஒதுக்கீட்டின் வடிவத்தில் இருக்கிறது. மார்ச் மாதத்துக்குள் செலவழிக்க வேண்டிய நிதியில் பிடுங்கும் வேலை மட்டுமே அடங்கும். முளைக்கும் கன்றைப் பிடுங்க அடுத்த மழைக்குப் பணம் இருக்காது. எந்தக் களையானாலும் முதல் வருடச் செலவைக் கேட்கும்போதே இரண்டாவது முதல் ஐந்தாவது வருடம் வரைக்கான பராமரிப்பையும் அதே மதிப்பீட்டில் கேட்க வேண்டும். உள்ளூரில் தொடங்குவதானால் உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைத் தேடுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அது இருக்க வேண்டும். புதிதாக ஒரு செடியோ பூச்சியோ தென்பட்டால் அந்தக் குழுவின் தீர்மானமாக மாவட்ட ஆட்சியருக்குப் போகும் கடிதத்துக்குத் தனிமனுவைவிடக் கனம் அதிகம்.

எண்ணூர் ஆற்றுப் படுகையில் காக்கா ஆழி என்ற சிப்பி கம்பளம்போல் மூடிவிட்டது. கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பே இல்லை. எங்கிருந்து வந்தது? வாரி எடுத்தால் போய்விடுமா?
– எண்ணூர் வாசகர்

இது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடலோரங்களைச் சேர்ந்த ஆழி. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ, சமநிலைக்காகக் கப்பல் தொட்டியில் ஏற்றும் நீரில் குஞ்சாகவோ வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. சரக்கு இறக்கிய கப்பல் எடை குறையாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும். அந்த நீரைக் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் மாற்ற வேண்டும் என்பதே முதலில் சர்வதேச விதியாக இருந்தது. இப்போது கப்பலிலேயே சுத்திகரிப்புக் கருவி வைக்க வேண்டும் என்ற கட்டத்துக்கு விதி வந்திருக்கிறது. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில். உங்கள் ஆற்றுக்கு அது தாமதம்.

இறாலுக்கு வேண்டியது புதைந்துகொள்ளச் சேறு. ஆழி தன் நூலால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு சேற்றின் மேல் ஓட்டுத் தரை போட்டுவிடுகிறது. இறாலுக்கு ஒதுங்க இடமில்லை, உங்கள் கைக்கும் வழியில்லை.

வாரி எடுப்பது பலன் தரும், மூன்று விஷயங்களைக் கவனித்தால். எடுத்ததை ஆற்றங்கரையிலேயே குவித்தால் ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும்போது உயிரோடு திரும்பிப் போகும். ஓதம் எட்டாத மேட்டில் மெல்லிதாகப் பரப்பிக் காயவிட வேண்டும். இரண்டாவது, வாரிய படகும் வலையும் கயிறும் வெயிலில் நன்றாகக் காயாமல் வேறு உப்பங்கழிக்குப் போகக் கூடாது; பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே போய்வரும் படகுகளுக்கு இது முக்கியம். மூன்றாவது, குஞ்சுகள் நீரில் மிதந்து திரிவதால் ஓரிடத்தைச் சுத்தம் செய்த சில மாதங்களில் மறுபடி படியும். ஆகவே ஒரு முறை பெரிய ஒப்பந்தம் போடுவதைவிட, இறால் தங்கும் இடங்களாக மீனவர்கள் குறித்துக் கொடுக்கும் படுகைகளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வதே காசுக்கேற்ற வேலை. முற்றாக ஒழிக்கும் கட்டம் கடந்துவிட்டது.

குச்சிக்கிழங்குக்கு மாவுப்பூச்சி வந்தபோது வெளிநாட்டுக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவியே நாளைக்குத் தொல்லையாக மாறாதா?
– ஆத்தூர் வாசகர்

நியாயமான சந்தேகம். கொசுவுக்காகக் குளங்களில் விட்ட கம்பூசியா மீன் நாட்டு மீன் குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்றதை நாடு பார்த்திருக்கிறது. அது எதையும் தின்னும் மீன். எதையும் தின்னும் உயிரை விடக் கூடாது என்பதுதான் இதில் முதல் விதி.

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் மாவுப்பூச்சி 2020ல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, அதே வேகத்தில் சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. இதில் ஆண் பூச்சி தேவையில்லை. ஒரு பெண் பூச்சி ஒட்டிய கரணை (நடவுக்கு வெட்டிய தண்டு) போதும், வயல் முழுக்க நிரம்பிவிடும். 1980களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. வந்ததும் வயலில் விடவில்லை. மூடிய தனிமைக் கூடத்தில் வளர்த்து, அதோடு வேறு ஒட்டுண்ணி தொற்றி வந்திருக்கிறதா, மற்ற பூச்சிகளைத் தாக்குகிறதா என்று சோதித்து, அனுமதி பெற்று, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டால்தான் அதன் வம்சம் வளரும். மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் குறையும்.

இந்த முறை நமக்குப் புதிதுமில்லை. 2008ல் கோயம்புத்தூரில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சியை 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிகள் அடக்கின. அதற்கும் முன்னால், தென் மாவட்டங்களில் காடாக மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதிள் பூச்சி.

உங்கள் வயலில் குளவி வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நுனி சுருங்கிக் கொத்தாக நிற்கும் இலையைத் திருப்புங்கள். வெள்ளை மாவுக்கு நடுவே பழுப்பாக, உப்பி, விறைத்துப்போன உருண்டைகள் இருந்தால் அவை குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சிகள். ஒரு முனையில் ஊசித் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அப்படி இருக்கும் வயலில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தக் குளவிதான். மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை இருக்கிறது. எறும்பு ஏறிக்கொண்டே இருந்தாலும் குளவி நெருங்காது. வரப்பில் உள்ள எறும்புப் புற்றைக் கவனியுங்கள். பாதித்த நுனியை ஒடித்து வரப்பில் போடாமல் பையில் கட்டி எடுத்துப் போய்ப் புதையுங்கள். எல்லாவற்றையும்விட, கரணையைப் பூச்சி இல்லாத வயலில் இருந்தே எடுங்கள். லாரியில் மாவட்டம் விட்டு மாவட்டம் போன கரணைக்கட்டுதான் இந்தப் பூச்சிக்குக் கிடைத்த வாகனம்.

கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடுகளின் கண்ணைத் தாக்குகிறது. ஊர்கூடி மருந்து அடிக்கலாமா?
– நத்தம் வாசகர்

அடிக்காதீர்கள். இந்த எறும்பு கடிப்பதோ கொட்டுவதோ இல்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. ஒரு கூட்டத்தில் பல ராணிகள் இருப்பதால், வெளியே திரியும் வேலைக்கார எறும்புகளைக் கொன்றால் உள்ளே இருக்கும் ராணிகள் ஈடுகட்டிவிடும். மருந்தில் சாவது அதோடு போட்டி போடக்கூடிய நம் நாட்டு எறும்புகளும்தான்.

இதே எறும்பு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்மஸ் தீவில் கோடிக்கும் மேலான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே 2009ல் ஹெலிகாப்டரிலிருந்து, ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த இரையை ஹெக்டேருக்கு 4 கிலோ வீதம் தூவினார்கள். எறும்பு தானே சுமந்து போய் ராணிக்கு ஊட்ட வேண்டும் என்பதால் இவ்வளவு குறைந்த அளவு. நஞ்சு கூடினால் வழியிலேயே செத்துவிடும். அப்படியும் எறும்பு திரும்ப வந்தது. காரணத்தைத் தேடியபோது, மரங்களில் இருந்த செதிள் பூச்சிகள் சுரக்கும் தேன்நீரே அதன் சாப்பாடு என்று தெரிந்து, அந்தச் செதிள் பூச்சியை அழிக்கும் ஒரு நுண்குளவியை 2016 இறுதியில் விட்டார்கள். வனத் துறையும் ஆய்வு நிறுவனங்களும் காப்புக்காட்டுக்குள் எதைச் செய்தாலும், முதலில் அந்த மலையில் எறும்புக்குச் சோறு போடுவது எந்தப் பூச்சி என்று பார்த்தாக வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: கொட்டகையைச் சுற்றிச் சருகு, கல் குவியல், மட்கிய கட்டை இல்லாமல் வையுங்கள். ஆட்டுப் பரணின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். குட்டியின் கண்ணில் அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தென்னை, மாவில் அசுவினியும் மாவுப்பூச்சியும் சேரவிடாதீர்கள். அந்தப் பகுதி விறகு, தொழு உரம், நாற்றுப் பை எதையும் வெளியூருக்கு அனுப்பாதீர்கள்.

எஸ்டேட் ஓரத்தில் உண்ணிச்செடியும் மஞ்சக்கொன்னையும். இரண்டையும் ஒரே மாதிரி எடுக்கலாமா?
– கூடலூர் வாசகர்

கூடாது. உண்ணிச்செடியை வெட்டினால் துளிர்க்கும், எரித்தால் கூடுதலாகத் துளிர்க்கும், ஜே.சி.பி. விட்டால் கிளறிய மண்ணில் விதை முளைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை எளிது: தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை ஒரே வெட்டில் துண்டித்து, புதரை அப்படியே தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். கிளை மண்ணைத் தொட்டபடி கிடந்தால் கணுவில் வேர் விடும். இழுத்துக்கொண்டு போனால் காய் வழியெல்லாம் சிந்தும். பூக்கும் முன் செய்யுங்கள். அடர்ந்த நடுப்பகுதியில் தொடங்க வேண்டாம். செடி சிதறலாக இருக்கும் ஓரத்திலிருந்து உள்ளே போங்கள். அடுத்த இரண்டு மழைக்காலம், பறவை உட்காரும் மரங்களுக்கு அடியிலும் ஓடை ஓரங்களிலும் கன்று தேடுங்கள். எச்சத்தோடு விதை விழும் இடம் அதுதான். தண்டு வீணில்லை, கூடலூரிலேயே அதில் ஆளுயர யானை பொம்மைகள் செய்கிறார்கள்.

மஞ்சக்கொன்னை மரம் வேறு கதை. வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து தண்டுகள் கூட்டமாக எழும். கன்றைப் பிடுங்கிவிடலாம். பெரிய மரத்துக்கு இடுப்பளவு உயரத்திலிருந்து தரை வரை பட்டையை முழுச் சுற்றும் உரிக்க வேண்டும், ஒரு விரல் அகலம்கூட விடாமல். விட்ட பட்டை வழியாகச் சத்து இறங்கி மரம் தேறிவிடும். மாதம் ஒருமுறை போய்த் துளிரைக் கிள்ளுங்கள். பெரிய மரம் முழுதாகக் காய ஒன்றரை வருடம்கூட ஆகலாம். நம் சரக்கொன்றையை உரித்துவிடாதீர்கள்: அதன் பூச்சரம் கீழ்நோக்கித் தொங்கும், சிற்றிலை உள்ளங்கைபோல் பெரிதாக நாலைந்து ஜோடிதான் இருக்கும், மஞ்சக்கொன்னைக்குப் பூங்கொத்து மேல்நோக்கி நிற்கும், சிற்றிலை சிறிதாகப் பத்து ஜோடிக்கு மேல் போகும்.

பண்ணைக் குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கலாமா? சீக்கிரம் எடை வருகிறது என்கிறார்கள்.
– பவானி வாசகர்

கூடாது, தடை செய்யப்பட்ட மீன். எடை வருவது உண்மைதான், கண்டதைத் தின்பதால் வருகிறது. காற்றைச் சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். குட்டை நிரம்பி வழியும் ஒரு மழை போதும், ஆற்றுக்குப் போய்விடும். ஏற்கெனவே விட்டிருந்தால் மழைக்கு முன் தண்ணீரை முழுக்க இறைத்து, சேற்றையும் கிளறிப் பிடியுங்கள். சேற்றுக்குள் புதைந்து வாரக்கணக்கில் தாங்கும். அடிமண் வெடிக்கும்வரை காயவிட்டு, வழிந்தோடியில் கொசுவலை அளவுக் கண்ணியில் வலை கட்டி, பிறகு விரால் விடுங்கள். மீன்தொட்டியில் பெரிதாகிவிட்ட டேங்க் கிளீனரையும் சிவப்புக் காது ஆமையையும் கோயில் குளத்தில் விடுவதும் இதே தப்புதான். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்.